பக் நாய்க்குக் காப்புறுதி வேணுமா?

போன சித்திரையில உடப்பில எங்கட வீட்டுக்குப் பக்கத்தில ஒரு பக் நாய் செத்தது. சிலாபத்து மிருக வைத்தியரிட்டக் கொண்டுபோற வழியிலேயே, ஓட்டோவுக்குள்ள. வயசு மூன்றுதான். அதை வளர்த்த தம்பி இப்பவும் ஒரே கதையைத்தான் சொல்றான்: "வெளிநாட்டில மாதிரி இங்கயும் நாய்க்கு இன்சூரன்ஸ் இருந்திருந்தா நேரத்தோட காட்டியிருப்பன் அக்கா."

எனக்கு அதில முழு உடன்பாடு இல்லை.

நாய்க்கு எங்களைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பக்கின் முகத்தை மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துச் சப்பையாக்கிவிட்டார்கள். எலும்பு குறுகியது, உள்ளே இருக்கும் மெல்லண்ணம் அந்தளவுக்குக் குறுகவில்லை. மூக்குத் துவாரமும் ஒடுக்கம். இளைக்க இளைக்கக் காற்றுப் போதாது, அந்தப் போராட்டத்திலேயே உடம்பு இன்னும் சூடாகும். அதோட எங்கட கடற்கரைப் புழுக்கம் வேற. அது குறட்டை விடுறதை "என்ன வடிவு" எண்டு வீடியோ எடுத்துப் போட்டோம். நானும்தான்.

லண்டன் றோயல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் 2022ஆம் ஆண்டு ஆய்வின்படி, இந்த மூச்சுத்தடை நோய் வரும் வாய்ப்பு மற்ற நாய்களைவிடப் பக்குக்கு ஏறத்தாழ 54 மடங்கு அதிகம்.

காப்புறுதி எண்டது நடக்குமோ நடக்காதோ எண்டு தெரியாத விஷயத்துக்கு. படகு கவிழலாம், கவிழாமலும் போகலாம். ஓட்டையோட கட்டின படகுக்கு யார் பொறுப்பெடுப்பார்? நாய்க் காப்புறுதி பழகிப்போன பிரித்தானியாவிலேயே பக்குக்குக் கட்டணம் கூட. முதலே இருந்த நோய்க்குப் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள். பாம்புக்கடி, விபத்துக்குக் காப்புறுதி வரட்டும், நல்லதுதான். ஆனா பிறவிக் குறையை உண்டாக்கி விக்கிறவர் லாபத்தோட போக, வளர்க்கிறவன் மாதாமாதம் கட்டுறது என்ன நியாயம்?

தமிழ்நாடு அரசின் 2024ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கக் கொள்கை, அங்குள்ள காலநிலைக்கு ஒவ்வாத 11 வெளிநாட்டு இனங்களை இனப்பெருக்கம் செய்யத் தடைவிதித்தது. பக்கும் அதில ஒண்டு. கடலுக்கு அந்தப் பக்கமும் இதே வெயில்தானே. எங்களுக்கும் அப்படியொரு சட்டம் வேணும்.

ஏற்கனவே பக் வளர்க்கிறவங்க அதைக் கொழுக்க விடாதீங்க. விடியக்காலையில மட்டும் நடத்துங்க, கழுத்துப் பட்டிக்குப் பதிலா நெஞ்சுப் பட்டி போடுங்க. பகலில ஓட்டோவில ஏத்தவேணாம்.

வாடிக்குப் பக்கத்தில ஒரு ஊர்நாய் அஞ்சு குட்டி போட்டிருக்கு. ஒண்டைத் தூக்கிக்கொண்டுபோய்த் தம்பியிட்டக் காட்டினன். மூக்கு நீட்டு, சரியான துடிப்பு. அவன் இன்னும் ஓமெண்டு சொல்லேல்ல.