கடை இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லையே!

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா, பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களில் நம்மவர் நடத்தும் சிறிய வடிவமைப்புக் கடைகள் உண்டு. திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழாப் பதாகை, கடைப் பெயர்ப்பலகை, பள்ளி ஆண்டு மலர் என்று எல்லாம் செய்வார்கள். ஆனால், அதே வேலைக்குக் கைப்பேசியில் ஆள் தேடினால், அவர்களில் பலரின் பெயர் கண்ணில் படுவதில்லை. இது கடைக்காரரின் கவலை மட்டுமன்று. கிராஃபிக் டிசைன் படித்துவிட்டு வீட்டிலிருந்தே தொழில் தொடங்க எண்ணும் மாணவர்களே, இது உங்கள் கவலையும்கூட.

முன்பு ஒருவர் வாய்ச்சொல்லே விளம்பரமாக இருந்தது. இன்றும் சித்தப்பாவோ அத்தையோ ஒரு கடையைப் பரிந்துரைக்கிறார்கள். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டு உடனே கூகுளில் தேடுகிறார். கடை எங்கே, எத்தனை மணிக்குத் திறக்கும், வேலை எப்படி இருக்கும் என்று பார்க்கிறார். ஒன்றும் கிடைக்காவிட்டால், கிடைத்த வேறு கடைக்குப் போய்விடுகிறார்.

"இன்ஸ்டாகிராம் போதாதா?" என்று இளையோர் கேட்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் படம் பார்ப்பவர் பெரும்பாலும் பொழுதுபோக்காகப் பார்க்கிறார். "அருகில் அழைப்பிதழ் அச்சிடும் கடை" என்று தேடுபவரோ வாங்க முடிவு செய்துவிட்டவர். இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

உள்ளூர்த் தேடலில் யாரை முதலில் காட்டுவது என்பதற்கு மூன்று அளவுகோல்கள் இருப்பதாகக் கூகுள் சொல்கிறது. தேடிய சொல்லோடு உள்ள பொருத்தம், தேடுபவருக்கும் கடைக்கும் இடையிலான தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. இந்த இடத்தைப் பணம் கொடுத்து வாங்க முடியாது என்றும் அது தெளிவுபடுத்தியுள்ளது. விளம்பரம் வேறு, அதற்குத் தனி அடையாளம் இடப்படும்.

தூரம் என்ற அளவுகோல் சிறு கடைக்குச் சாதகமானது என்பது என் கருத்து. கோலாலம்பூரில் உள்ள பெரிய நிறுவனத்தால் கிள்ளான் வாடிக்கையாளரின் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட முடியாது. அந்தச் சாதகத்தைப் பயன்படுத்தக் கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்ற இலவசப் பக்கம் இருக்கிறது. 2021 வரை கூகுள் மை பிசினஸ் எனப்பட்டது இதுதான். பெயர், முகவரி, தொலைபேசி எண், திறக்கும் நேரம், தொழில் வகை ஆகியவை இதிலும் முகநூலிலும் இணையத்தளத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கடை இடம் மாறிய பிறகும் பழைய முகவரியே முகநூலில் கிடந்தால் வாடிக்கையாளர் குழம்பிப் போவார்.

வீட்டில் வேலை செய்பவரும் இந்தப் பக்கத்தைத் தொடங்கலாம். முகவரியை மறைத்துவிட்டு, சேவை தரும் ஊர்களை மட்டும் குறிப்பிடலாம். 20 ஊர்கள் வரை சேர்க்க இடமுண்டு. ஆனால், வாடிக்கையாளரை நேரில் சந்திக்காமல் இணையத்தில் மட்டுமே இயங்கும் தொழிலுக்கு இது பொருந்தாது.

அடுத்தது மொழி. மலேசியாவில் தேடல் ஒரே மொழியில் நடப்பதில்லை. ஒருவர் மலாயில் "காட் கஹ்வின்" என்று தேடுவார், இன்னொருவர் ஆங்கிலத்தில் "வெடிங் கார்டு" என்பார், மற்றொருவர் தமிழில் "திருமண அழைப்பிதழ்" என்று தட்டச்சு செய்வார். மூவரும் ஒரே கடைக்கு வரக்கூடியவர்கள்தாம். மூன்று மொழிகளிலும் நான்கு வரி எழுதி வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

என்ன எழுதுவது? "சிறந்த சேவை, நியாயமான விலை" என்று எல்லாரும் எழுதுகிறார்கள். இன்று கேன்வா போன்ற செயலிகளில் யாரும் ஓர் அட்டையை உருவாக்கிவிடலாம். ஆனால் கொம்பும் காலும் இடம் மாறாமல் தமிழ் எழுத்தை அச்சிடுவதும், அழைப்பிதழில் தாய்மாமன் பெயர் எங்கே வர வேண்டும் என்பதும் நம் வடிவமைப்பாளருக்குத் தெரியும். அந்தத் திறனைச் சொற்களாக எழுதுங்கள். செய்த வேலையின் படத்துக்குக் கீழே அது என்ன, எந்த ஊருக்குச் செய்தது என்று இரண்டு வரி சேருங்கள். படத்துக்குள் இருப்பதைவிட, எழுத்தாக இருப்பதைத் தேடுபொறி எளிதில் புரிந்துகொள்கிறது. தேடல் பக்கத்தின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு சுருக்கம் எழுதித் தரும் இந்தக் காலத்தில் இது இன்னும் முக்கியம். நாம் எழுதாத ஒன்றை அது எங்கிருந்து எடுக்கும்?

சில பொறிகளையும் சொல்ல வேண்டும். "முதலிடம் உறுதி, மாதம் இத்தனை ரிங்கிட்" என்று புலனத்தில் செய்தி வரும். அப்படி யாராலும் உறுதி தர இயலாது. அதைவிட ஆபத்தானது, கடையின் பக்கத்தை முகவர் தம்முடைய மின்னஞ்சலில் தொடங்குவது. உறவு முறிந்தால் பக்கமும் அதிலுள்ள மதிப்புரைகளும் அவர் கையில் சிக்கிக்கொள்ளும். கணக்கு எப்போதும் உரிமையாளர் பெயரில்தான் இருக்க வேண்டும். உதவுபவரை நிர்வாகியாகச் சேர்த்தால் போதும்.

இன்னொன்று, பொய் மதிப்புரை. "ஐந்து நட்சத்திரம் போடு, தள்ளுபடி தருகிறேன்" என்பது கூகுள் விதிக்கு எதிரானது. நண்பர் கடை என்பதற்காக, வாங்காத பொருளைப் புகழ்ந்து எழுதுவதும் அப்படியே. இத்தகைய உதவியை மாணவர்களிடம்தான் அதிகம் கேட்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: மறுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் உண்மையான வாடிக்கையாளரிடம் கருத்து கேட்பதே நேர்வழி. குறை சொல்லி எழுதினாலும் பணிவாகப் பதில் தரலாம். அதையும் பலர் படிக்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைப்பதும் சரியன்று. பிசினஸ் புரொஃபைல் வழியே இலவசமாக உருவாக்கிய இணையத்தளங்களைக் கூகுள் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. இரவல் வீடு என்றைக்கும் இரவல் வீடுதான். சொந்தப் பெயரில் ஒரே ஒரு பக்கமுள்ள இணையத்தளமாவது இருப்பது நல்லது. தீபகற்ப மலேசியாவில் தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் எஸ்எஸ்எம்மில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். கட்டணம் சொந்தப் பெயருக்கு ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயருக்கு 60 ரிங்கிட். பதிவு செய்த அந்தப் பெயரையே எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள்.

பள்ளி விடுமுறையில் உங்கள் வட்டாரத்தில் ஒரு கடையைத் தேர்ந்தெடுங்கள். மூன்று மொழிகளிலும் அதைத் தேடிப் பாருங்கள். தவறான எண், பழைய நேரம், படமே இல்லாத பக்கம் என்று கண்டதைக் குறித்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். அவர் விரும்பினால், அவருடைய கைப்பேசியிலேயே திருத்த உதவுங்கள். அவருக்கு ஒரு வாடிக்கையாளர் கூடுதலாக வரலாம். உங்களுக்கோ, நாளை சொந்தத் தொழிலுக்கு உதவும் ஒரு திறன் கைவந்திருக்கும்.