டேம் கரையைக் காப்போம். பழியை மட்டும் நாங்கள் சுமக்க மாட்டோம்!



காசல்ரீயில் தண்ணீர் இறங்கும் ஒவ்வொரு தடவையும் இரண்டு விடயங்கள் வெளியே தெரிகின்றன. ஒன்று, வெடித்துக் கிடக்கும் சேற்றுக் கரை. மற்றது, அந்தக் கரையைக் கெடுத்தவன் தோட்டத் தொழிலாளிதான் என்று நீளும் விரல்.

அண்மையில் நீரேந்துப் பிரதேசப் பாதுகாப்பு என்று சொல்லி ஓர் அரச காரியாலயத்தில் கூட்டம் போட்டார்கள். எமது பிரதிநிதிகளும் போயிருந்தார்கள். அங்கே ஒரு பட்டியல் வாசிக்கப்பட்டது. கரையில் மரக்கறி போட்டவர்கள், ஆற்றில் துணி துவைப்பவர்கள், லயத்துக்குப் பின்னால் குப்பை கொட்டுபவர்கள் என்று எல்லோரும் நம்மவர்கள்தான். கரையை ஒட்டி எழும்பி நிற்கும் விடுதி ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. கான் வெட்டாத கம்பனியும் இல்லை. நகரத்துக் கழிவு எங்கே போய் விழுகிறது என்று எமது பிரதிநிதி கேட்டார். அது வேறு விடயம் என்று பதில் வந்தது. அது எப்படி வேறு விடயமாகும்? விழுகிற தண்ணீர் ஒன்றுதானே!

டேம் கரை காப்பாற்றப்பட வேண்டும் என்பதில் எமது சங்கத்துக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால், யாரிடமிருந்து காப்பாற்றுவது என்பதில் நிறையப் பேச்சு இருக்கிறது.

இது யாருடைய தண்ணீர்?

பொகவந்தலாவைப் பக்கமிருந்து இறங்கும் கெசல்கமு ஓயா, நோர்வூட்டைத் தாண்டி காசல்ரீயில் தேங்குகிறது. சிவனொளிபாதமலைப் பக்கமிருந்து வரும் மஸ்கெலி ஓயா மவுசாகலையில் தேங்குகிறது. விமலசுரேந்திர, கனியன், லக்சபான, பொல்பிட்டிய மின்நிலையங்களைச் சுழற்றிவிட்டு இந்தத் தண்ணீர் களனி கங்கையாகிறது. கொழும்பு மாநகரம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி களனியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

கொழும்புக்குப் போகும் தண்ணீரை அம்பத்தளையில் வடிகட்டி, குளோரின் போட்டு அனுப்புகிறார்கள். அதே தண்ணீரின் தலைமாட்டில் இருக்கும் நமக்கு என்ன இருக்கிறது? மலையில் ஓர் ஊற்று, அதிலிருந்து ஒரு குழாய், லயத்தடியில் ஒரு பீலி. மழை பெய்தால் பீலியில் வருவது தேத்தண்ணீர் நிறத்தில் இருக்கிறது. ஊற்றுக்கு மேலே மருந்தடித்தால் அதுவும் சேர்ந்து வருகிறது. ஆகவே தண்ணீர் கெட்டால் முதலில் படுப்பது கொழும்புப் பிள்ளையல்ல, நம் பிள்ளை.

இந்த டேம்களுக்கு நாம் விலையும் கொடுத்திருக்கிறோம். காசல்ரீ 1965 இலும், மவுசாகலை 1969 இலும் முடிந்தன. மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. கடும் கோடையில் நீர் வற்றும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இடிபாடாக எழும்பி நிற்பதை இன்றும் போய்ப் பார்க்கிறோம். ஊரைக் கொடுத்தவர்களுக்கு அந்தத் தண்ணீரைப் பற்றி மற்றவர்கள் பாடம் எடுக்கத் தேவையில்லை.

மண் எங்கிருந்து வருகிறது?

மூத்த தொழிலாளர்களைக் கேட்டுப் பாருங்கள். கான் வெட்டுவதும், கானில் சேர்ந்த மண்ணை அள்ளி மேலே போடுவதும், சரிவில் கல்லடுக்கிக் கட்டுவதும் ஒரு காலத்தில் தோட்டத்தின் அன்றாட வேலை. அதற்கென்று பேர் போட்டார்கள். 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. அதன்பிறகு ஆட்குறைப்பு வந்தபோது முதலில் கைவிடப்பட்ட வேலைகளில் கான் வேலையும் ஒன்று. கொழுந்துக்குக் கணக்கு இருக்கிறது. காக்கப்பட்ட மண்ணுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

புல்லைக் கையால் வெட்ட ஆள் போடாமல் மருந்தடித்து மலையை மொட்டையாக்குகிறார்கள். 2015 இல் கிளைபோசேட்டைத் தடைசெய்தார்கள். 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் என்று மறுபடி அனுமதித்தார்கள். தடை வந்தபோதும் போனபோதும், தாங்கியை முதுகில் சுமந்து அடிக்கிற தொழிலாளியை யாரும் கேட்கவில்லை.

மொட்டை மலையில் மழை விழுந்தால் மண் ஓடைக்கு இறங்குகிறது, ஓடையிலிருந்து டேமுக்குப் போகிறது. சேறு படிந்த அளவுக்குத் தண்ணீர் தேங்க இடம் குறைகிறது. மண்ணோடு பசளையும் போகிறது. பசளையைத் தின்று பாசி பெருகுகிறது. பாசி செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஒட்சிசன் தீர்ந்து மீன் சாகிறது. நீலப்பச்சைப் பாசிகளில் சில நஞ்சை விடக்கூடியவை. தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பாசி படர்ந்த தண்ணீரைச் சுடவைத்துக் குடித்தால் போதும் என்று நினைக்கிற தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும்.

கரையில் புல்லும் புதரும் மரமும் அடர்ந்திருந்தால் வேர் மண்ணைப் பிடிக்கும், வருகிற பசளையில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். கரையோரப் பசுமை அழகுக்கு வைத்ததல்ல, அது தண்ணீருக்குப் போட்ட வடி. அதை வெட்டித்தான் விடுதிகளுக்குப் புல்தரை போடுகிறார்கள்.

இது இன்றைக்குத் தெரிந்த புதினமுமல்ல. 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டக்கூடாது என்று 1873 இலேயே லண்டன் கியூ பூங்காவின் பணிப்பாளர் ஹூக்கர் இலங்கை அரசாங்கத்துக்கு ஆலோசனை சொன்னார். அதே ஆண்டில்தான் நுவரெலியாவில் கிறகரி வாவி உண்டாக்கப்பட்டது. பசளையும் நகரத்துக் கழிவும் சேர்ந்து அந்த வாவி பாசி பிடித்துப் பச்சையானதை நாம் கண்ணாலே கண்டோம். காசல்ரீக்கும் அந்தக் கதி வரவேண்டுமா?

குப்பைக்கு யார் பொறுப்பு?

லயத்து ஆட்கள் ஓடையில் குப்பை போடுகிறார்கள் என்கிறார்கள். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை சேவை செய்வதற்கே தடையாக நின்றது. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது வருடமாக நம்மிடம் வாக்கு வாங்கிய சபையின் குப்பை உழவு இயந்திரம் லயத்துப் பக்கம் வரச் சட்டமே வழிவிடவில்லை. திருத்தத்துக்குப் பிறகும் எத்தனை டிவிசனுக்கு அது வருகிறது? ஓடைக்கரையில் லயத்தைக் கட்டியது நாமா? ஓடைக்குச் சரிவாக மலசலகூடக் குழியை வெட்டியது நாமா?

டிசம்பரிலிருந்து மே வரை சிவனொளிபாதமலைக்கு நாடெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். அவர்கள் விட்டுப்போகும் பொலித்தீனும் போத்தலும் மழையோடு எங்கே போகின்றன? யாத்திரிகரை நாம் குறை சொல்லவில்லை. குப்பையை அள்ளும் ஏற்பாடு செய்யவேண்டியவர்களைத்தான் கேட்கிறோம்.

நம்மை நாமே கேட்கவேண்டியது

இப்போது சொல்லப்போவது சில தோழர்களுக்குக் கசக்கும். ஆனாலும் சங்கம் சொல்லாமல் விடக்கூடாது.

தண்ணீர் இறங்கியதும் கரையைக் கொத்தி லீக்ஸும் கிழங்கும் போடுகிறோம். சம்பளம் போதாது, சொந்தமாக ஒரு பாத்தி நிலமில்லை, ஆகவே போடுகிறோம். காரணம் நியாயமானது. ஆனால் கொத்திய மண்ணும் போட்ட உரமும் மருந்தும், தண்ணீர் ஏறியவுடன் அப்படியே டேமுக்குள் போகின்றன. அதில் வேலிபோட்டுத் தடுக்க வழியே இல்லை. மருந்துத் தாங்கியை ஓடையில் அலசுகிறோம். அந்த ஓடைக்குக் கீழே இன்னொரு லயத்தின் பீலி இருக்கிறது. இரவில் ஆற்றோரம் மாணிக்கக்கல் தோண்டப் போகிற இளைஞர்களும் நம் பிள்ளைகள்தான். குழிக்குப் பணம் போடுகிற முதலாளி வீட்டில் தூங்குகிறான், பொலிஸில் நிற்பது நம் பிள்ளை, இடிந்து விழுவது நம் கரை.

ஆகவே சங்கத்தின் நிலைப்பாடு இதுதான்: கரையைக் கொத்துவதையும் கரையோரம் தோண்டுவதையும் நாம் ஆதரிக்க மாட்டோம். அதேவேளை, மாற்று நிலம் கொடுக்காமல் தொழிலாளியின் பாத்தியை மட்டும் பிடுங்கிவிட்டு, பக்கத்து விடுதியின் புல்தரையைத் தொடாமல் போகிற எந்த நடவடிக்கையையும் எதிர்ப்போம். சட்டம் கரை முழுவதற்கும் ஒரே சட்டமாக இருக்கட்டும்.

எமது கோரிக்கைகள்

1. டேம் கரையிலும் ஓடை, ஊற்றுகளின் இரு பக்கத்திலும் எல்லைக்கல் நட்டு ஒதுக்குப் பிரதேசம் அடையாளமிடப்பட வேண்டும். விடுதி, கம்பனி, தொழிலாளி என்ற வித்தியாசமின்றி அது அமுலாக வேண்டும்.

2. அந்த ஒதுக்கில் களைக்கொல்லி அடிப்பது நிறுத்தப்பட்டு, மானாப் புல்லும் நாட்டு மரங்களும் நடப்பட வேண்டும். நடுகிற வேலைக்கு முழுநாள் பேர் போட வேண்டும்.

3. கான் வெட்டு ஒவ்வொரு மலையிலும் மறுபடி ஆரம்பிக்கப்பட வேண்டும். 2021 இல் கூட்டு ஒப்பந்தத்தைக் கம்பனிகள் கைவிட்டபின் பேச்சு முழுவதும் நாட்சம்பளத்தோடு நின்றுவிட்டது. இனி வரும் எந்த ஒப்பந்தத்திலும் மண், தண்ணீர் பராமரிப்பு ஒரு வாசகமாக இருக்க வேண்டும்.

4. மருந்தடிப்பவர்களுக்குப் பாதுகாப்பு உடையும், ஓடைக்குத் தூரமாகத் தாங்கி அலசும் இடமும் வேண்டும்.

5. எல்லா டிவிசனுக்கும் குப்பை உழவு இயந்திரம் ஒழுங்காக வர வேண்டும். ஓடைக்கரை மலசலகூடங்கள் இடம் மாற்றப்பட வேண்டும். பீலித் தண்ணீர் காலத்துக்குக் காலம் பரிசோதிக்கப்பட்டு, முடிவு தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

6. கரையை விட்டுக்கொடுக்கும் குடும்பங்களுக்கு வீட்டுத்தோட்டத்துக்கு உரித்துள்ள நிலம் வேண்டும். வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் என்ற பேச்சோடு அது முடிந்துவிடக் கூடாது.

தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் அடுத்த கமிட்டிக்கு வருமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கள் ஓடையை ஊற்றிலிருந்து டேம் வரை நடந்து பார்க்கட்டும். எந்தக் குழாய் எங்கிருந்து வந்து விழுகிறது, எந்தக் கான் தூர்ந்து கிடக்கிறது, எந்தக் கட்டடம் கரையை விழுங்கியிருக்கிறது என்று ஒன்றுவிடாமல் எழுதிக் கொண்டுவரட்டும். அடுத்த கூட்டத்தில் அவர்கள் தங்கள் பட்டியலை வாசித்தால் நாமும் நமது பட்டியலை வாசிப்போம்.

மலையை நட்டது நமது கை. அந்த மலையின் தண்ணீரைக் காக்கிற முதல் உரிமையும் நமக்குத்தான் உண்டு. அந்த உரிமையோடு வருகிற கடமையிலிருந்தும் நாம் ஒதுங்க மாட்டோம்.