கே/டி 5.2 இருக்கு, வேலையை விட்டுடலாமாண்ணா?

எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ் எல்லாம் இந்த வாரம் கொஞ்சம் ஓரமா இருக்கட்டும். இன்னைக்குப் பேசப்போறது வீடியோ கேம் பத்தி. சிரிக்காதீங்க, கடைசியில உங்க அப்ரைசலுக்குத்தான் வந்து நிக்கும்.

போன பௌர்ணமிக்கு ஊருக்கு வந்திருந்த ஒரு தம்பி, கிரிவலம் கிளம்புறதுக்கு முன்னாடி தேரடி வீதியில இருக்கிற நம்ம ஆபீஸுக்கு வந்தார். வயசு 24. சென்னையில ஒரு ஐடி கம்பெனியில சப்போர்ட் வேலை, பிடித்தம் போக கைக்கு மாசம் 31,000. ரிட்டர்ன் ஃபைல் பண்ணத்தான் வந்திருக்கார்னு நினைச்சேன். உட்கார்ந்ததும் போனை என் பக்கம் திருப்பி வச்சார். பிஜிஎம்ஐ ப்ரொஃபைல். கே/டி 5.2.

"அண்ணா, ஒரு டீம்ல கூப்பிடுறாங்க. மாசம் 25,000, பரிசுல பங்கு தனி. வேலையை விட்டுடலாமா? கே/டி பாருங்க, நம்ம ஊர்ல எவனுக்கும் இவ்வளவு இல்ல."

அவங்க அப்பா காலையிலேயே எனக்கு போன் பண்ணிட்டார். "நீங்க சொன்னா கேப்பான் சார், நாலு வார்த்தை திட்டி அனுப்புங்க." நான் திட்டலை. திட்டுறதுக்கு இப்ப சட்டமும் துணைக்கு வராது. 2022 டிசம்பர்லயே மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு அமைச்சகத்துக்குக் கீழ கொண்டு வந்துடுச்சு. 2025 ஆகஸ்ட்ல வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் கட்டி ஆடுற ஆட்டத்தைத் தடை பண்ணுச்சு, ஆனா இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுன்னு ஒத்துக்கிச்சு. அதனால இது சூதாட்டமாங்கிற கேள்வியே இல்லை. இவர் கையில இருக்கிறது ஒரு சொத்து, அதோட மதிப்பு என்ன? அதைச் சொல்றதுதானே என் தொழில்.

கே/டின்னா எத்தனை பேரை அடிச்சோம், எத்தனை தடவை செத்தோம்னு ஒரு வகுத்தல் கணக்கு. பேலன்ஸ் ஷீட் பாக்குறவன் முதல்ல கேக்குற கேள்வியையே நானும் கேட்டேன். "யாரை அடிச்சீங்க?" தம்பி கொஞ்சம் நெளிஞ்சார். சாதாரண மேட்ச்ல எதிர்ல வர்றவங்கள்ல பாதி பேர் மனுஷனே இல்லாம இருக்கலாம், கம்ப்யூட்டர் ஓட்டுற பாட். அதைச் சுட்டாலும் கணக்குல ஏறும். அண்ணன் தம்பி கம்பெனிக்கே சரக்கு வித்து விற்பனையை ஏத்திக் காட்டுற முதலாளிகளை நான் நிறைய பாத்திருக்கேன். அந்த மாதிரி ஒரு 5.2 இது.

"ஸ்க்ரிம்ஸ் கணக்கு இருக்கா?"ன்னு கேட்டேன். டீம்களுக்குள்ள நடக்கிற பயிற்சி ஆட்டம்தான் ஸ்க்ரிம்ஸ். இருந்துச்சு. 36 மேட்ச், ஒரு கூகுள் ஷீட். பையன் உருப்படியானவன்தான்.

இங்க ஒரு சின்ன கணக்கு போடுவோம். போட்டி மேட்ச்ல 16 டீம், டீமுக்கு 4 பேர், மொத்தம் 64 பேர். செத்தவர் திரும்பி வராத ஆட்டத்துல ஒருத்தராவது கடைசியில உயிரோட நிக்கணும், அதனால அதிகபட்சம் 63 பேர்தான் விழ முடியும். அப்ப ஒரு ஆளுக்குச் சராசரி ஃபினிஷ் ஒரு மேட்சுக்கு 1-ஐத் தொடவே முடியாது. (கில்னு சொல்லாம ஃபினிஷ்னு சொல்றது பிஜிஎம்ஐ-யோட நாகரிகம்!) உலகத்துலயே சிறந்த 64 பேரைக் கூட்டி வந்து ஆடவிட்டாலும் இதே சராசரிதான். ஒருத்தருக்குக் கூடினா இன்னொருத்தருக்குக் குறையும்.

தம்பியோட கணக்கு 36 மேட்ச்ல 41 ஃபினிஷ். சராசரி 1.14. 5.2 எங்க, 1.14 எங்க! ஆனாலும் சராசரிக்கு மேலதானே, அதை மறுக்கக் கூடாது. அடுத்து ஷீட்டை வரிசைப்படுத்திப் பாத்தேன். ஒரு மேட்ச்ல 8, இன்னொண்ணுல 7. இந்த ரெண்டை எடுத்துட்டா மீதி 34 மேட்ச்ல 26 தான், சராசரி 0.76. ஒரே ஒரு பங்கு மூணு மடங்கு ஆனதால "என் போர்ட்ஃபோலியோ சூப்பர்"னு சொல்றவங்க ஞாபகம் வந்துச்சு. அந்த ரெண்டு மேட்சும் பொய்னு நான் சொல்லலை. மாசாமாசம் வரும்னு நம்பி வேலையை விட முடியாதுன்னுதான் சொல்றேன்.

சரி, ஃபினிஷ் எண்ணிக்கையே அசட்டுத்தனமா? அதுவும் இல்லை. இப்ப பரவலா இருக்கிற பாயின்ட் முறையில முதல் இடத்துக்கு 10, அப்புறம் 6, 5, 4, 3, 2, 1, 1. ஒன்பதாவது இடத்துல இருந்து பூஜ்யம். ஒவ்வொரு ஃபினிஷுக்கும் 1. இடத்துக்கான பாயின்ட் எல்லாத்தையும் கூட்டினா 32. ஃபினிஷ் வழியா வர்றது ஒரு மேட்சுக்கு 60 வரைக்கும் போகலாம். மொத்த பாயின்ட்ல மூணுல ரெண்டு பங்கு! அதனால சுடத் தெரிஞ்சவனுக்கு மவுசு இருக்கிறது நியாயம். ஆனா ஆரம்பத்துலயே ரஷ் போய் ரெண்டு பேரை அடிச்சுட்டு விழுந்தா அவர் பேர்ல ரெண்டு பாயின்ட் ஏறும், மீதி மூணு பேர் ஒரு ஆள் குறைச்சலா ஆடி சீக்கிரம் வெளியே போவாங்க. டீமுக்கு விழுந்த நஷ்டம் அந்த ஷீட்ல எந்தக் கட்டத்துலயும் வராது.

இந்தச் சிக்கலோட ரொம்ப நாளா மல்லுக்கட்டுறது கவுன்டர்-ஸ்ட்ரைக் உலகம். ஹெச்எல்டிவிங்கிற தளம் 2010-ல ஒரு ரேட்டிங் கொண்டு வந்துச்சு. எத்தனை பேரை அடிச்சே, எத்தனை ரவுண்ட் பிழைச்சே, ஒரே ரவுண்ட்ல பல பேரை அடிச்சியா, அவ்வளவுதான். 1.00 எடுத்தா சராசரி ஆட்டக்காரர். மியூச்சுவல் ஃபண்டை இண்டெக்ஸோட ஒப்பிடுற மாதிரி, நல்ல யோசனை. ஆனா டீமுக்காகச் சாகிறவனுக்கு அதுல இடமே இல்லை. 2017-ல திருத்தினாங்க. கொடுத்த டேமேஜ், உதவி, நீ செத்ததும் உன் கூட்டாளி பழிதீர்த்தானாங்கிறது எல்லாம் உள்ளே வந்துச்சு. அப்பவும், முழு ஆயுதத்தோட நிக்கிறவனை அடிக்கிறதும், காசில்லாம வெறும் பிஸ்டலோட ஓடி வர்றவனை அடிக்கிறதும் ஒரே மதிப்பா இருந்துச்சு. 2025-ல வந்த 3.0-ல அதையும் சரி பண்ணி, ஒவ்வொரு செயலும் அந்த ரவுண்டை ஜெயிக்கிற வாய்ப்பை எவ்வளவு கூட்டுச்சு, எவ்வளவு குறைச்சுதுன்னு அளக்க ஆரம்பிச்சிருக்காங்க. பதினஞ்சு வருஷம் ஆயிருக்கு "எத்தனை அடிச்சே"ங்கிற கேள்வியில இருந்து "அதனால என்ன ஆச்சு"ங்கிற கேள்விக்கு வர்றதுக்கு.

வேலரன்ட் இன்னொரு வழி பிடிச்சுது. எதிரணி அஞ்சு பேரும் உயிரோட இருக்கும்போது அடிக்கிற முதல் ஆளுக்கு 150, அடுத்து 130, 110, 90, கடைசி ஆளுக்கு 70. கதவைத் திறக்கிறவனுக்குக் கூடுதல் கூலி. எனக்குப் பிடிச்ச முறை இது. ஆனா இதுலயும், "இந்தக் கதவைத் திற"ன்னு சொன்னவனுக்கு எதுவும் கிடையாது.

அந்த ஆளைத்தான் ஐஜிஎல்னு சொல்றாங்க. ஆட்டத்துக்குள்ள இருந்தபடியே டீமை நடத்துறவர். டென்மார்க்கைச் சேர்ந்த கேரிகன்னு ஒருத்தர் இருக்கார். ஹெச்எல்டிவி ரேட்டிங்ல பல வருஷமா 1.00-க்குக் கீழதான். ஆனா 2022-ல ஆன்ட்வெர்ப் மேஜர் கோப்பையை ஃபேஸ் டீம் தூக்கினது அவர் தலைமையிலதான். எண்ணை மட்டும் பாத்து ஆள் எடுத்திருந்தா முதல் சுற்றுலயே கழிச்சுக் கட்டியிருப்பாங்க.

இதை நம்ம ஊர்க்காரங்களுக்குப் புரிய வைக்கிறது ரொம்ப சுலபம். தீபத் திருவிழா ஏழாம் நாள் பெரிய தேர் வரும்போது வடத்தைப் பிடிச்சு இழுக்கிறவங்க ஆயிரக்கணக்குல இருப்பாங்க. சக்கரத்துக்கிட்ட குனிஞ்சு முட்டுக்கட்டை போடுற சில பேரைப் பாத்திருக்கீங்களா? தேர் எப்ப நிக்கணும், எந்தப் பக்கம் திரும்பணும்னு முடிவு அவங்க கையில. எவ்வளவு இழுத்தாங்கன்னு அளந்தா அவங்க மார்க் பூஜ்யம். அவங்க இல்லாம மாடவீதி முனையில தேர் திரும்பட்டும் பாப்போம்.

தம்பியோட ஷீட்டுக்கு வர்றேன். அவங்க டீம்ல ஆரணிப் பக்கத்துப் பையன் ஒருத்தன்தான் ஐஜிஎல், காலேஜ் படிக்கிறான். 30 மேட்ச்ல 19 ஃபினிஷ். "அவன் சுமாராத்தான் ஆடுவான் அண்ணா"ன்னார் தம்பி. பரீட்சை வந்ததால அந்தப் பையன் 6 மேட்ச் ஆடலை, மாத்து ஆள் வந்திருக்கார். அவன் இருந்த 30 மேட்ச்ல டீமோட சராசரி 9 பாயின்ட். இல்லாத ஆறுல 5. ஆறே மேட்சை வச்சு தீர்ப்பு எழுதக் கூடாது, மூணு மாச ரிட்டர்னைப் பாத்து ஃபண்ட் வாங்குற கதை ஆயிடும். ஆனா திரும்பிப் பாக்க வேண்டிய எண் அதுதான். ஒரு ஆளை எடுத்துட்டு, கிடைக்கிற மாத்து ஆளைப் போட்டா டீம் எவ்வளவு இறங்குது? ஒரு ஆட்டக்காரரோட மதிப்புங்கிறது அந்த வித்தியாசம்தான்.

விலைங்கிறது வேற. 2018 ஏலத்துல சிஎஸ்கே 2.2 கோடிக்கு எடுத்த ராயுடு அந்த சீசன்ல 602 ரன் அடிச்சார். மதிப்புக்கும் விலைக்கும் நடுவுல அவ்வளவு இடைவெளி கிரிக்கெட்லயே இருக்கு. இ-ஸ்போர்ட்ஸ்ல இன்னும் மோசம், ஏன்னா இங்க சம்பளத்துல ஒரு பங்கு ஆட்டத்துக்கு, ஒரு பங்கு பார்வையாளருக்கு. லட்சக்கணக்குல சப்ஸ்கிரைபர் வச்சிருக்கிறவருக்கு டீம் கொடுக்கிறது விளம்பரச் செலவு. தம்பிக்கு சேனல் கிடையாது. அதனால அவர் ஆட்டத்தை மட்டும் வித்தாகணும்.

நானும் தம்பியும் நேரா மோதினது இதுக்கப்புறம்தான். பேச்சுவாக்குல ஆபீஸ் எப்படின்னு கேட்டேன். பொங்கிட்டார். "எத்தனை டிக்கெட் க்ளோஸ் பண்ணேன்னு மட்டும்தான் அண்ணா பாக்குறாங்க. பாஸ்வேர்ட் ரீசெட்டும் ஒண்ணு, நாலு நாள் உயிரை வாங்குற பிரச்சினையும் ஒண்ணு. திரும்பத் திரும்ப வர்ற ஒரு எரருக்கு நான் ஒரு டாக்குமென்ட் எழுதிப் போட்டேன். அதுக்கப்புறம் அந்த டிக்கெட்டே வர்றதில்ல. அதனால என் கவுன்ட் குறைஞ்சு போச்சு. ஹைக் 4 பர்சென்ட்."

நான் ஒண்ணும் பேசலை. அவரோட ஷீட்ல ஆரணிப் பையன் பேருக்கு நேரா இருந்த 19-ஐ மட்டும் விரலால காட்டினேன். கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பாத்துட்டு இருந்தார்.

ஒப்பந்தத்தையும் படிச்சுடுவோம்னு வாங்கினேன். 25,000 சம்பளம் இல்லை, புரொஃபஷனல் ஃபீஸ். பிஎஃப், கிராஜுவிட்டி, மெடிக்கல் கவர் எதுவும் கிடையாது. 10 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சுத்தான் வரும், ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்கணும். பரிசுப் பங்கை ஆன்லைன் கேம் வின்னிங்னு வகைப்படுத்தினா நேரா 30 சதவீதம் வரி, 12 லட்சம் வரை வரி இல்லைங்கிற சலுகையும் அதுக்குப் பொருந்தாது. இதெல்லாம்கூட சமாளிக்கலாம். ஏழாவது பக்கத்துல ஒரு வரி இருந்துச்சு. கேம் இந்தியாவில் கிடைக்காத காலத்துக்குப் பணம் கிடையாது. ஆனா ரெண்டு வருஷத்துக்கு வேற டீமுக்கும் போகக் கூடாது.

2020 ஆகஸ்ட்ல ஆரஞ்ச் ராக்ங்கிற நம்ம நாட்டு டீம் பப்ஜி மொபைல் உலக லீக்கோட கிழக்குப் பிரிவுல ரெண்டாவது இடம் பிடிச்சுது. அடுத்த மாசம் 2-ஆம் தேதி 118 ஆப்களைத் தடை பண்ணப்ப பப்ஜியும் போயிடுச்சு. உலக லீக்கோட கிழக்குப் பிரிவுல ரெண்டாவதா வந்த கைக்கும் அன்னைக்கு வேலை இல்லை. 2021 ஜூலை 2-ல பிஜிஎம்ஐ-யா திரும்பி வந்துச்சு. 2022 ஜூலை 28-ல மறுபடி ஸ்டோர்ல இருந்து தூக்கிட்டாங்க. 2023 மே மாசம் திரும்ப வந்துச்சு. ரெண்டு தடவையும் கணக்குப் போட்டுப் பாருங்க, சுமார் பத்து பத்து மாசம். எந்த ரேட்டிங்லயும் இந்த ரிஸ்க் வராது. ஆறு மாசச் செலவுக்கு அவசர நிதி வைங்கன்னு வீடியோவுக்கு வீடியோ சொல்றவன் நான். இந்தத் தொழிலுக்குப் போறவங்க பத்து மாசத்துக்கு வைக்கணும். தம்பியோட மாசச் செலவு 18,000. அப்ப 1,80,000 வேணும். சேமிப்புக் கணக்குல 22,000 இருந்துச்சு.

நான் கேட்டது ரெண்டு. அந்த ஏழாவது பக்க வரியை மாத்துவாங்களான்னு டீம்ல கேளுங்க. அதுவரைக்கும் வேலையில இருந்துக்கிட்டே ராத்திரி ஸ்க்ரிம்ஸ் ஆடி இன்னொரு 100 மேட்ச் கணக்கு சேருங்க. ஆனா இந்தத் தடவை ஃபினிஷ் கட்டத்துக்குப் பக்கத்துல ரெண்டு கட்டம் கூடுதலா: எப்ப செத்தீங்க, அப்புறம் டீம் எத்தனாவது இடத்துல முடிஞ்சுது. வேண்டாம்னு முகத்தைத் தூக்கிட்டுத்தான் போனார். அவங்க அப்பாவுக்கும் என் மேல வருத்தம், திட்டாம அனுப்பிட்டேன்னு.

போன ஞாயித்துக்கிழமை வாட்ஸ்ஆப்ல ஷீட் வந்துச்சு. 23 மேட்ச் ஏறியிருக்கு. நான் சொன்ன ரெண்டு கட்டத்தோட அவரே மூணாவதா ஒண்ணு சேர்த்திருக்கார்: "கால் யாரோடது". அந்தப் பத்தியில பாதிக்கு மேல ஆரணிப் பையன் பேர்தான். ஒப்பந்த விஷயமா டீம்ல இருந்து இன்னும் பதில் வரலையாம். கீழ ஒரு வாய்ஸ் நோட். "அண்ணா, அவங்க திரும்பக் கூப்பிட்டா, எங்க ஐஜிஎல்லையும் சேர்த்து எடுக்கச் சொல்லிக் கேக்கலாமா? எப்படி எழுதுறதுன்னு ஒரு டிராஃப்ட் போட்டுக் கொடுங்க."