உரமே போடாத மாம்பழமா?

தோட்டத்துக்கு வர்ற பட்டணத்துக்காரங்க முக்காவாசிப் பேரு கேக்குறது, "உரமே போடாம விளைஞ்சதுதானே?" தலையாட்டிட்டா வியாபாரம் முடிஞ்சுடும். ஆனா அது பொய்யிங்க. நாங்க போடாதது ரசாயன உரம். உரமே போடலைன்னா மரம் பட்டினி கிடக்குதுன்னு அர்த்தம்.

காட்டு மரத்துக்கு யார் உரம் போட்டாங்கன்னு அடுத்து கேப்பாங்க. காட்டு மரத்துப் பழத்தை யாரும் பெட்டியில அடுக்கி கோயம்பேட்டுக்கு ஏத்தறதில்லை. இலையும் பழமும் உதிர்ந்து அங்கேயே மக்குது. நாங்க வருசாவருசம் ஏத்தி அனுப்புறோம். பழத்தோட சாம்பல் சத்தும் லாரி ஏறிடுது. தோலும் கொட்டையுமா அது கடைசியில போய்ச் சேர்றது கொடுங்கையூர், பெருங்குடி குப்பைமேடு.

போனதைத் திருப்பிக் குடுக்கணும். எவ்வளவுன்னு கணக்குப் பாருங்க. காய்ப்புக்கு வந்த மாமரத்துக்கு வருசத்துக்கு 50 கிலோ தொழு உரம், அதோட தழைச்சத்து 1 கிலோ, மணிச்சத்து 1 கிலோ, சாம்பல் சத்து ஒன்றரைக் கிலோன்னு நம்ம வேளாண் பல்கலைக்கழகம் சொல்லுது. தொழு உரத்துல தழைச்சத்து நூத்துக்கு அரைப் பங்குதான். 50 கிலோவுல கால் கிலோ தேறும். அந்த ஒரு கிலோவை எருவுலயே குடுக்கணும்னா மரத்துக்கு 200 கிலோ. ஏக்கருக்கு 40 மரம்னா 8 டன். பாதி வீட்டுல மாடே இல்லாத ஊருல 8 டன் எருவுக்கு எங்க போறது?

ஜீவாமிர்தம் போதும்னு சிலர் சொல்றாங்க. நானும் ஊத்துறேன். ஆனா ஏக்கருக்கு 10 கிலோ சாணியும் 2 கிலோ வெல்லமும் 2 கிலோ பயறு மாவும் கரைச்ச தண்ணி, பாலுக்கு ஊத்துற உறை மாதிரி. பாலே இல்லாத சட்டியில உறை ஊத்தி என்ன ஆகப்போகுது?

அதனாலதான் மரத்துக்கு நடுவுல சணப்பையும் தக்கைப்பூண்டும் விதைச்சு, பூ எடுக்கையில மடக்கி உழுறோம். வேப்பம் புண்ணாக்கு வாங்குறோம். அதுல தழைச்சத்து நூத்துக்கு அஞ்சு பங்கு. சாம்பலும் போடலாம், ஆனா சுண்ணாம்பு மண்ணுல வேண்டாம், இலை வெளுத்துடும். எருவை மரத்தூர்ல கொட்டுறது வீண். சத்தை உறிஞ்சற சல்லிவேர் எல்லாம் தள்ளி, நிழல் விழுற வட்டத்துல இருக்கு. அங்க சுத்திக் கொத்தி, எரு வெச்சு, சருகு மூடணும். ஆள் கூலி ஏறுறது இதுலதான்.

"உரச் செலவே இல்லையே, அப்புறம் ஏன் விலை கூட?"ன்னு போன சீசன்ல ஒருத்தர் கேட்டாரு. ரெண்டு மூட்டை ரசாயன உரத்தைத் தூவிட்டுப் போறதை விட இதுக்குத்தாங்க செலவு அதிகம்.