ஐந்து சொற்களின் வெற்றி

சட்டம் இயற்றுவது ஆண்களின் வேலை, அடுப்பங்கரையே பெண்களின் எல்லை என்று கூறுவோர் இன்றும் உளர். அன்னார் ஜெர்மானியப் பெண்மணி எலிசபெத் செல்பர்ட்டின் வாழ்க்கையை அறிந்துகொள்வது நன்று.

1896-ஆம் ஆண்டு காஸல் நகரில் எளிய குடும்பத்தில் பிறந்த அவர், ஆசிரியையாக விரும்பினார். பணமின்மையால் அது கைகூடவில்லை. தந்தி அலுவலகத்தில் பணியாற்றினார். மணமாகி இரு மைந்தர்களுக்குத் தாயானார். ஆயினும் கல்வி வேட்கை தணியவில்லை. தாமாகவே பயின்று பள்ளியிறுதித் தேர்வில் வென்றார். சட்டம் படித்து 1930-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். நாஜி அரசு பெண்களுக்கு வழக்கறிஞர் தொழிலின் கதவை அடைப்பதற்குச் சற்று முன்பு, 1934-இல் வழக்கறிஞரானார். கணவர் வேலையிழந்திருந்த அக்காலத்தில் அவரது வருவாயே குடும்பத்தைக் காத்தது.

போர் முடிந்தபின், 1946-இல் ஹெசன் மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். 1948-இல் மேற்கு ஜெர்மனியின் அடிப்படைச் சட்டத்தை வகுக்கப் பான் நகரில் கூடிய அவையில் 65 பேர் இருந்தனர். அவர்களுள் பெண்கள் நால்வரே. செல்பர்ட் அந்நால்வரில் ஒருவர். ஆண்களும் பெண்களும் சம உரிமை உடையவர்கள் என்று எழுதவேண்டும் என்றார். ஜெர்மன் மொழியில் அது ஐந்தே சொற்கள்! குடும்பச் சட்டங்கள் யாவும் குலைந்துவிடும் என்று அஞ்சிய குழுவினர் டிசம்பர் 3-ஆம் நாள் அதை மறுத்தனர்.

அவர் சோர்ந்தாரா? இல்லை. ஊர் ஊராகச் சென்று பெண்களிடம் பேசினார். பெண்களின் கண்டனக் கடிதங்கள் அவைக்கு வந்து குவிந்தன. 1949 ஜனவரி 18-ஆம் நாள் அதே குழு ஒருமனதாக இசைந்தது. முதலில் தயங்கிய கத்தோலிக்கத் தலைவி ஹெலனே வேபரும் ஆதரித்தார்.

ஏட்டில் எழுதினால் போதுமா? போதாது என்பதே நம் கருத்து. இல்லறக் கடமைகளுக்கு இடையூறின்றியே மனைவி வேலைக்குச் செல்லலாம் என்ற சட்டம் அந்நாட்டில் 1977 வரை நீடித்தது. எழுதிய உரிமை வீட்டு வாயிலைத் தாண்ட 28 ஆண்டுகள் ஆயின. ஆனால் அந்த ஐந்து சொற்கள் இல்லாதிருந்தால், எதைக் காட்டி நீதி கேட்டிருப்பார்கள்?

செல்பர்ட் 1986-இல் மறைந்தார். தனியொருத்தியின் கல்வி வழிகாட்டியது. பெயர் தெரியாத பல்லாயிரம் பெண்களின் கடிதங்கள் வென்று தந்தன. ஆகவே தோழியரே, நாம் மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்கவேண்டாம். பிறருக்காக வாதாடும் அறிவைப் பெறுவோம். நியாயத்துக்காக ஒரு கடிதமேனும் எழுதும் துணிவையும் பெறுவோம்.