நாயின் தாகமும் நம் ஊர்க் காற்றும்

பள்ளி விட்டதும், வெயில் தணியுமுன் நாயோடு நடக்கக் கிளம்புகிறீர்களா? என்னைக் கேட்டால், அது தவறான நேரம். நமக்கு உடல் முழுதும் வியர்க்கும்; நாய்க்குப் பாதங்களில் மட்டுமே கொஞ்சம். நாக்கை நீட்டி மூச்சிரைத்து, ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டைத் தணிக்கிறது. அதற்கு உடலில் நீர் இருக்க வேண்டும். காற்றும் அந்த ஆவியை ஏற்க வேண்டும். நம் ஊரில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காடு! கொடியில் துணியே காயாத நாளில் நாயின் நாக்கு என்ன செய்யும்?

கிளம்பும் முன்பே குடிக்க விடுங்கள். போத்தலும் சிறு கிண்ணமும் எடுத்துக்கொண்டு, நிழல் கண்ட இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். வெறும் தண்ணீர் போதும். உங்கள் ஐசோடானிக் பானம் வேண்டாம். நடை தள்ளாடினால் தண்ணீர் புகட்டிக்கொண்டு நிற்காதீர்கள். உடம்பை நனைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.