கட்டைவிரலும் ஒப்பந்தமும்

தென் சீனக் கடலில் ஒரு பவளத் திட்டின்மேல் துருப்பிடித்த கப்பல் ஒன்று நிற்கிறது. நிற்கிறது என்பதைவிடக் குந்தியிருக்கிறது என்பதே பொருத்தம். இரண்டாவது உலக மகாயுத்தத்துக்காக அமெரிக்காவில் கட்டிய கப்பல். கைமாறிப் பிலிப்பைன்ஸுக்கு வந்தது. பக்கத்துத் திட்டை 1995-ல் சீனா பிடித்துக்கொள்ளவே, 1999-ல் இவர்கள் வேண்டுமென்றே இதைத் தரைதட்ட வைத்தார்கள். பெயர் சியரா மாட்ரே. உள்ளே கொஞ்சம் சிப்பாய்கள். கேலி செய்யாதீர்கள், ஏழை தன் மனையில் குடிசை போட்டுக் காவலிருக்கிறான், அவ்வளவுதான்.

2024 ஜூன் 17-ஆம் தேதி, அந்தச் சிப்பாய்களுக்குச் சாமான் கொண்டுபோன படகுகளைச் சீனக் கடலோரக் காவல் படையினர் கத்தி கோடரியோடு வளைத்துக்கொண்டார்கள். படகு மோதியதில் ஒரு மாலுமியின் கட்டைவிரல் போயிற்று.

அமெரிக்காவோடு பிலிப்பைன்ஸுக்கு 1951 முதல் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் உண்டு. ஆயுதத் தாக்குதல் நடந்தால் துணை வருமாம். விரல் போனது ஆயுதத் தாக்குதலா? இல்லை என்று மணிலாவே சொல்லிவிட்டது. அதே ஆண்டு மே மாதக் கடைசியில்தான் ஜனாதிபதி இளைய மார்க்கோஸ் சிங்கப்பூரில், வேண்டுமென்றே ஒரு பிலிப்பினோவைக் கொன்றால் அது யுத்தச் செயலுக்கு வெகு அருகில் வந்துவிடும் என்று பேசியிருந்தார். ஆக, உயிர் போக வேண்டும்; விரல் போதாது. துரோணருக்காவது கட்டைவிரல் போதுமாயிருந்தது!

"பெரியவன் துணையில்லாமல் சின்னவன் பிழைப்பதெப்படி?" என்று நண்பர்கள் கோபிப்பார்கள். நியாயமான கேள்விதான். மணிலா கைகட்டி நின்றிருந்தால் இந்தத் திட்டும் போயிருக்கும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துணைக்கு வருகிறவரின் யோக்கியதையையும் பார்க்கலாமல்லவா? சீனா 1996-ல் ஐ.நா. சமுத்திரச் சட்ட உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. 2016 ஜூலையில் ஹேக் நகரத்து நடுவர் மன்றம் அதே சட்டப்படி, கோடு போட்டுக் கடலைச் சொந்தம் கொண்டாடுவது செல்லாது என்றதும், அதைக் குப்பைக் காகிதம் என்று தள்ளிவிட்டது. தீர்ப்புக்கு அடங்கு என்று உபதேசிக்கிற அமெரிக்காவோ, அந்த உடன்படிக்கையில் இன்றுவரை சேரவேயில்லை! ஒருவர் தாலி கட்டிவிட்டு ஓடுகிறார். மற்றவர் கல்யாணமே செய்துகொள்ளாமல் இல்லறத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறார்.

இதற்கிடையில் பிலிப்பைன்ஸில் அமெரிக்கத் துருப்புகள் வந்து தங்கக்கூடிய தளங்கள் 2023-ல் ஐந்திலிருந்து ஒன்பதாயின. நம் தேசமும் 2024-ல் பிரம்மோஸ் ஏவுகணைகளை அனுப்பிவைத்தது. விற்றவர்கள் என்ற முறையில் நமக்கும் ஒரு வார்த்தை பேச உரிமையுண்டு.

மீனவன் எங்கே, ஐயா? 2012 முதல் சீனாவின் பிடியிலிருக்கிற ஸ்கார்பரோ திட்டு யாருக்குச் சொந்தம் என்று அந்த மன்றம் சொல்லவில்லை. யாருக்குச் சொந்தமானாலும், பரம்பரையாக அங்கே மீன் பிடிக்கிறவர்களை, சீனரோ பிலிப்பினோவோ, தடுக்கக் கூடாது என்றது. யாரும் தம் கொடியை இறக்காமலே நிறைவேற்றக்கூடிய பகுதி இது. கூட்டாளிகள் கூடிப் பேசும்போது முதல் ஷரத்தாக இதை வைக்கட்டும்; ஏவுகணை அப்புறம் வரட்டும்.

2025 செப்டம்பரில் அந்தத் திட்டின் ஒரு பகுதியை இயற்கைச் சரணாலயம் என்று சீனா அறிவித்தது. அழிந்துவரும் ராட்சதக் கிளிஞ்சல்களைத் தன் படகுகள் வாரிக்கொண்டு போனதைக் கண்டும் காணாமல் இருந்ததாக அந்த மன்றம் குற்றம் கண்டதும் இதே சீனாவின்மேல்தான். அறிவிப்பு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மீனவர்களுக்கு எண்ணெய் கொண்டுபோன பிலிப்பைன்ஸ் அரசாங்கக் கப்பலின்மேல் தண்ணீரைப் பீய்ச்சிக் கண்ணாடியை உடைத்தார்கள்.